நீலகிரியின் புல்வெளியும் சோலையும்: பனி யுகத்துக்குப் பிந்தைய தாவர வரலாற்றைக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், ‘ஷூட்டிங் மட்டம்’ என்று ஊரார் அழைக்கும் புல்மேட்டின் மீது ஏறி நின்றால், மூன்று வகைப் பசுமை ஒரே பார்வையில் அகப்படும். மலைகளின் முதுகெங்கும் பரவிய வெளிர்பச்சைப் புல்வெளி ஒன்று. மலைமடிப்புகளில் ஓடைகளைத் தழுவிக்கொண்டு, குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கும் சோலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில், உயரமாக, ஏறக்குறைய ஒரே அளவாக, கருத்து நிற்கும் மரக்கூட்டம் மூன்றாவது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வாட்டில் எனப்படும் சீகையும் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும். முதன்முறை மலையேறி வருபவர் அந்த மூன்றாவதைப் பழங்காடு என்றும், புல்வெளியை யாரோ மரம் வெட்டியதால் வெறுமையாகிப்போன நிலம் என்றும் எண்ணிவிடுகிறார். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை இதற்கு நேர்மாறானது. சீகையும் கற்பூர மரமும் இம்மலைக்கு வந்து இருநூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. புல்லோ, பனி யுகம் உச்சத்தில் இருந்த ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பரவியிருந்ததற்கு மண்ணுக்கடியில் சான்று இருக்கிறது.

அந்தச் சான்றை எவ்வாறு படிப்பது, அதில் காலநிலையின் பங்கு எது, மனிதரின் பங்கு எது என்று எவ்வாறு பிரித்தறிவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் பொறுமை தேவை. ‘இந்தப் புல்வெளி இயற்கையா, செயற்கையா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தேடும் அவசரத்தைச் சற்று ஒதுக்கி வைப்பதும் தேவை. அக்கேள்வியை ‘எந்தக் காலத்தில், எந்த இடத்தில், எது மேலோங்கியது?’ என்று மாற்றிக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

முதற்படி: நிலத்தை நேரில் பார்த்தல்

எடுத்த எடுப்பில் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டாதீர்கள். ஒரு குறிப்பேட்டுடன் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் ஒரு நாள் விடியற்காலையில் புல்வெளிக்குச் செல்லுங்கள். தெளிந்த வானமுள்ள இரவுக்குப் பின், தாழ்வான புல்நிலங்களில் உறைபனி வெள்ளைப் போர்வையாகப் படிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே மறைப்பு ஏதும் இல்லாத புல்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விரைவாக இழக்கிறது. அதே நேரத்தில் சோலைக்குள் நான்கு அடி எடுத்து வைத்தால் உறைபனி இராது. கிளைகளின் கூரை உள்ளிருக்கும் வெப்பத்தைக் காக்கிறது. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலுள்ள எல்லை கத்தியால் வெட்டியது போல ஏன் இருக்கிறது என்பதற்கான விடையில் ஒரு பங்கு இந்த ஒரு காலைப்பொழுதிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

குறிப்பேட்டில் நான்கு செய்திகளை மட்டும் எழுதுங்கள்: சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, அருகில் நீர் இருக்கிறதா, எல்லையோரத்தில் எந்த மரங்கள் நிற்கின்றன, கருகிய தண்டுகளோ சாணமோ தென்படுகின்றனவா. புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும், தடித்த பட்டையும் சிவந்த பூக்கொத்துகளும் கொண்ட ரோடோடெண்ட்ரான் மரத்தைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். சோலை மரங்களுள் தீயையும் திறந்தவெளிக் குளிரையும் தாங்கிப் புல்லோடு புல்லாக வாழக்கூடியது அது. அது நிற்கும் இடம் தீ வந்து சென்ற இடமாக இருக்கக்கூடும்.

மழையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உதகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அவலாஞ்சி, மேல் பவானி போன்ற மேற்கு விளிம்புப் பகுதிகளில் அதைப் போல இரு மடங்குக்கும் மேல் கொட்டுகிறது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பியிருக்கின்றன. ஒரே பீடபூமிக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால், ஓரிடத்தில் கண்டதை மலை முழுவதற்கும் பொருத்திப் பேசுவது தவறாகும்.

இரண்டாம் படி: காலநிலையின் நாட்காட்டியை மனத்தில் பதித்தல்

பனி யுகம் என்றதும் நீலகிரி பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என்று புதியவர்கள் கற்பனை செய்வதுண்டு. அப்படி நிகழவில்லை. பனிப்படலங்கள் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவின. இங்கே வெப்பநிலை சில பாகைகள் குறைந்ததுடன், தென்மேற்குப் பருவமழை நலிந்தது. தாவரங்களுக்குக் குளிரைவிட அந்த வறட்சியே பெரிதும் உறைத்தது. பனி யுகத்தின் உச்சம் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது பெருமளவு நீர் நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 190 பங்கு மட்டுமே இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் இது 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண்களை நினைவில் வையுங்கள். ஐந்தாம் படியில் இவை நமக்கு வேண்டியிருக்கும்.

ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் ஹோலோசீன் எனப்படும் இன்றைய வெதுவெதுப்பான காலம் தொடங்கியது. அக்காலத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்தது வடகோளத்தின் கோடையில். இப்போது அது ஜனவரித் தொடக்கத்தில் நிகழ்கிறது. எனவே அன்று ஆசிய நிலப்பரப்பு கோடையில் இன்றைவிடக் கூடுதலாகச் சூடேறியது. கடலிலிருந்து ஈரக்காற்று வலுவாக உள்ளிழுக்கப்பட்டுப் பருவமழை பெருகியது. பின்னர் சுற்றுப்பாதையின் இந்தச் சாதகம் மெல்லக் குறைய, மழையும் குறைந்தது. 4,200 ஆண்டுகளுக்கு முன் பல நாடுகளில் கடும் வறட்சி ஒன்று நிலவியது. மேகாலயத்தின் மாவ்ம்லூ குகையில் வளர்ந்த சுண்ணாம்புப் படிவு அதைப் பதிவு செய்திருப்பதால், அதிலிருந்து இன்று வரையிலான காலத்துக்கு ‘மேகாலயன்’ என்றே 2018-இல் உலகப் புவியியலாளர்கள் பெயர் சூட்டினர்.

மூன்றாம் படி: ஆவணம் எங்கே இருக்கிறது என அறிதல்

நீலகிரியின் பழைய ஆவணம் சதுப்புகளில் இருக்கிறது. மலைமடிப்புகளில் நீர் தேங்கும் இடங்களில் கோரையும் புல்லும் வளர்ந்து மடிகின்றன. நீருக்கடியில் காற்று இல்லாததால் அவை முழுமையாக மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு படிந்து, கருமையான, பஞ்சு போன்ற ஒரு மண்ணாக அவை திரள்கின்றன. இதைப் பீட் என்கிறோம். ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் அடங்கிவிடும். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா சதுப்பின் அடி அடுக்குகள் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. பெரும்பாலான வெப்பமண்டல மலைகளுக்கு இப்படியொரு ஆவணம் வாய்ப்பதில்லை. நம் மலைக்கு வாய்த்திருப்பதை ஒரு பேறாகவே நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு வேண்டுகோள். எந்தச் சதுப்பிலும் நீங்களாகக் குழி தோண்டாதீர்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் மண் எடுப்பது சட்டப்படி குற்றமாகும். அதைவிட முக்கியமாக, ஒருமுறை கலைந்த அடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. சாலை வெட்டிய ஓரங்களிலும் ஓடைக்கரைச் சரிவுகளிலும் கருமண் அடுக்குகள் தாமாகவே வெளித்தெரியும். தொடக்கநிலையில் கண்ணால் பார்த்துப் பழக அவையே போதும். ஆய்வாளர்கள் குழாய் வடிவக் கருவியைச் செங்குத்தாக இறக்கி ஒரு தண்டாக மண்ணை எடுத்து, அதை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்கின்றனர்.

நான்காம் படி: மகரந்தத்தின் மொழி

பூக்கள் உதிர்க்கும் மகரந்தத்தின் வெளி ஓடு மிக உறுதியான பொருளால் ஆனது. காற்றில்லாத சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் மகரந்தத்தின் வடிவம் வேறு. 1916-இல் ஸ்வீடன் நாட்டின் லெனார்ட் ஃபோன் போஸ்ட், சதுப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள மகரந்தங்களை எண்ணி, அவற்றின் விகிதம் காலந்தோறும் எப்படி மாறியது என்பதை வரைபடமாக்கிக் காட்டினார். இன்றும் அடிப்படை முறை அதுவே. இந்தியாவில் லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனமும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. நீலகிரிச் சதுப்புகளின் மகரந்தங்களை 1970-களிலிருந்தே ஆராய்ந்து வந்துள்ளனர்.

மகரந்த வரைபடத்தைப் பார்க்கும்போது அதிலுள்ள எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். புல் காற்றின் வழியே மகரந்தம் பரப்புவதால் அளவின்றிக் கொட்டுகிறது. சோலை மரங்களுள் பல பூச்சிகளை நம்பியிருப்பதால் சிக்கனமாகவே தருகின்றன. ஆகவே வரைபடத்தில் புல் 60 விழுக்காடு என்றால் நிலத்தில் புல் 60 விழுக்காடு இருந்தது என்று பொருளில்லை. மலையடிவாரக் காடுகளின் மகரந்தம் மேல்நோக்கி வீசும் காற்றில் ஏறி வந்து சதுப்பில் விழுவதும் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: எல்லாப் புற்களின் மகரந்தமும் ஒரே துளையுடன், உருண்டையாக, வழவழப்பாக, ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். எந்தப் புல் என்று மகரந்தத்தைக் கொண்டு சொல்வது மிகக் கடினம்.

சில மகரந்தங்கள் காலத்தைக் காட்டும் முத்திரைகளாகவும் உதவும். சீகையின் மகரந்தம் 16 மணிகள் ஒன்றாக ஒட்டிய கட்டியாக இருக்கும். பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப்பைகள் இருக்கும். இவை தென்படும் அடுக்கு ஆங்கிலேயர் வருகைக்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம். கற்பூர மரம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: அதுவும் சோலையின் நாவல் இன மரங்களும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டின் மகரந்தமும் முக்கோண வடிவாகத் தோன்றும்.

ஐந்தாம் படி: கார்பன் சொல்லும் செய்தி

நீலகிரியின் வரலாற்றில் மிகப் பெரிய தெளிவைத் தந்தது இந்தப் படியே என்பதால் இதில் சற்று நின்று செல்வோம். தாவரங்கள் காற்றிலுள்ள கார்பனைப் பிடிப்பதில் இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. அவற்றை சி3 என்றும் சி4 என்றும் அழைக்கின்றனர். மரங்கள் ஏறக்குறைய அனைத்தும், நெல்லும் கோதுமையும் சி3 வகை. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை ஆகியன சி4 வகை. நம் மானாவாரிப் பயிர்களில் சி4 மிகுந்திருப்பது தற்செயலன்று. குறைந்த நீரைக் கொண்டு, வெயிலில், சிக்கனமாக வளர வல்லது அந்த வழி. நீலகிரிப் புல்வெளியின் புற்களிலும் சி4 வகை பரவலாக உள்ளது.

கார்பனில் 12, 13 என்னும் இரண்டு நிலையான வகைகள் உண்டு. சி3 தாவரங்கள் கனமான 13-ஐ மிகுதியாக ஒதுக்கிவிடுகின்றன. சி4 தாவரங்கள் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆய்வகத்தில் இதை ஓர் அளவுகோலுடன் ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று சொல்கின்றனர்: சி3 தாவரத்தின் மதிப்பு ஏறத்தாழ மைனஸ் 27, சி4 தாவரத்தின் மதிப்பு ஏறத்தாழ மைனஸ் 13. செடி மக்கிப் பீட்டாக மாறிய பின்னும் இந்தக் கையெழுத்து பெரும்பாலும் அழிவதில்லை. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அடுக்கின் மதிப்பு மைனஸ் 20 என்றால், அது இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், அக்காலத்தில் அங்கு மக்கிய தாவரங்களில் ஏறத்தாழப் பாதி சி4 என்று கொள்ளலாம். மைனஸ் 16 என்றால் சி4 முக்கால் பங்குக்கும் மேல்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும், ஆர். ராமேஷ் உள்ளிட்ட பிற ஆய்வாளர்களும் நீலகிரிப் பீட்டை இம்முறையில் அளந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். யானைகள் குறித்த ஆய்வுக்காக உலகறிந்த சுகுமார் சதுப்பு மண்ணையும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பனி யுகத்தின் உச்சத்தில் சி4 புற்கள் மேலோங்கியிருந்தன. பனி யுகம் முடிந்ததும் சி3 தாவரங்கள் பெருகி, ஹோலோசீனின் தொடக்கத்தையொட்டி உச்சம் தொட்டன. பின்னர் ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் வரையிலான காலத்தில் வறட்சி திரும்பி சி4 மீண்டும் உயர்ந்தது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் குறுகியதோர் ஈரக்கட்டமும் வந்துபோனது. இரண்டாம் படியில் கண்ட காலநிலை நாட்காட்டியை இதனருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் கைகோத்துச் செல்கின்றன.

ஆயினும் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலே சி4-க்குச் சாதகம் கிடைக்கும். எனவே பனி யுகத்துச் சி4 மிகுதியை முழுவதும் வறட்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. இரண்டாவது, சி3 என்றால் சோலை என்று பொருளில்லை. குளிர்ந்த உயரங்களில் சி3 புற்களும் உண்டு, சதுப்பிலேயே வளரும் செடிகளிலும் சி3 உண்டு; மகரந்தத்தையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் மரமா புல்லா என்று தெளியும். மகரந்தத்தால் புல்லின் வகையைச் சொல்ல முடியவில்லை, கார்பனால் மரத்தையும் புல்லையும் பிரிக்க முடியவில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. மூன்றாவது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்றைய காற்றின் கார்பன் மதிப்பே சற்றுக் கீழிறங்கிவிட்டது; இன்றைய இலையின் அளவைப் பழைய பீட்டுடன் ஒப்பிடும் முன் இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும்.

ஆறாம் படி: காலக்கணக்கைச் சரியாக வாசித்தல்

பீட்டின் வயது, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 என்னும் வகையை அளந்து கணிக்கப்படுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இம்முறை செல்லாது. புதியவர் தடுமாறும் இடம் வேறொன்று. கட்டுரைகளில் ‘இன்றைக்கு முன்’ என்று குறிக்கப்படுவது 1950-ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கிய கணக்கு. மேலும், பழைய கட்டுரைகளில் உள்ள கார்பன் ஆண்டுகள் நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றப்படாதவை: 10,000 கார்பன் ஆண்டுகள் என்பது நாட்காட்டியில் ஏறத்தாழ 11,500 ஆண்டுகள். இரண்டு கட்டுரைகள் முரண்படுவதாகத் தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள். கோரையின் வேர்கள் மேலடுக்கிலிருந்து கீழிறங்கி இளைய கார்பனைக் கொண்டு சேர்ப்பதால், அடுக்கின் வயது உண்மையைவிடக் குறைவாகத் தெரிவதும் உண்டு.

ஏழாம் படி: மனிதரைத் தேடுதல்

‘நீலகிரிப் புல்வெளியை உண்டாக்கியது யார்?’ என்ற வழக்கு வனவியலாளர்களிடையே நெடுநாள் நடந்தது. 1938-இல் சி. ஆர். ரங்கநாதன், உறைபனி மரக்கன்றுகளை வளரவிடாததால் புல்வெளி இம்மலைக்கு இயல்பான நிலையே என்று வாதிட்டார். அதே ஆண்டில் என். எல். போர், தீயும் மேய்ச்சலுமே காட்டைப் புல்வெளியாக்கின என்று மறுத்தார். அன்று இருவரிடமும் பீட்டின் சான்று இல்லை. இன்று அது இருப்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது: தென்னிந்தியாவில் கால்நடை வளர்ப்பும் பயிர்த்தொழிலும் வேரூன்றியது ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில்தான், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள சாம்பல் மேடுகள், அதாவது எரிந்த சாணக் குவியல்கள், அதற்குச் சாட்சி. புல்வெளியோ அதற்குப் பதினைந்தாயிரம் ஆண்டுகள் மூத்தது. எனவே புல்வெளியின் தோற்றத்துக்கு மேய்ப்பர்களைக் காரணமாக்க முடியாது.

தோற்றம் வேறு, நிலைபேறு வேறு. ஹோலோசீனின் ஈரமான ஆயிரமாண்டுகளில் சோலை விரிவடைந்து புல்வெளியை விழுங்கியிருக்கலாமே, ஏன் முழுவதும் விழுங்கவில்லை? உறைபனி ஒரு விடை. 2020-இல் வெளியான ஒரு கள ஆய்வு, சோலை மர நாற்றுகளைப் புல்வெளியில் நட்டுப் பார்த்தது. குளிர்கால இரவுகளில் அவற்றில் மிகப் பல மடிந்தன, சீகை நாற்றுகளோ பெரிதும் தாக்குப்பிடித்தன. ரங்கநாதனின் வாதத்துக்கு எண்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வலுவான துணை இது. ஆனால் அது என். எல். போரின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடுவதில்லை. உறைபனி விழாத மேற்சரிவுகளிலும் புல்வெளி இருக்கிறது. அங்கே தீ, மேய்ச்சல், மெல்லிய மண், காற்று ஆகியவற்றுள் எது காரணம் என்று இடத்துக்கு இடம் கேட்டறிய வேண்டும்.

மனிதரின் சுவடுகளை மூன்று வகையில் தேடலாம். சதுப்பு அடுக்குகளில் உள்ள கரித்துகள்கள் முதல் வகை: பெரிய துகள்கள் அருகில் எரிந்த தீயையும், நுண்ணிய துகள்கள் தொலைவிலிருந்து பறந்து வந்த புகையையும் காட்டும். ஆனால் மின்னலும் தீ மூட்டும் என்பதால் கரி மட்டுமே மனிதனைக் காட்டிக்கொடுத்துவிடாது. தீ வழக்கத்தைவிடத் திடீரென அடிக்கடி நிகழத் தொடங்கி, காலநிலை அப்போது மாறாதிருந்தால்தான் ஐயத்துக்கு இடமுண்டு. இரண்டாம் வகை தொல்பொருள்: பீடபூமியெங்கும் பரவிக் கிடக்கும் கல்வட்டங்களும் அவற்றில் கிடைத்த இரும்பு, வெண்கலப் பொருள்களும். மூன்றாம் வகை எழுத்து: ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அஞ்சச் செய்ததாகக் கூறும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டும், 1603-இல் மலையேறிய இயேசு சபைத் துறவி ஃபெனீசியோவின் குறிப்பும் இவற்றுள் முக்கியமானவை.

எழுத்தில் அடங்காத அறிவு மலைவாழ் மக்களிடம் உள்ளது. இதை வழிகாட்டி நூல்கள் பலவும் கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தோடர்கள் தங்கள் எருமைகளைப் பருவத்துக்கேற்ப ஒரு மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, வேறொரு மந்துக்கு ஓட்டிச் சென்றனர். கோடைமழைக்கு முன் காய்ந்த புல்லை அளவாகக் கொளுத்தி இளந்தளிரை வரவழைத்தனர். அவர்களின் கோயில் கூரைகள் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல்லால் வேயப்படுகின்றன. அந்தப் புல் எங்கே அருகிப்போனது என்று கேட்டால், எந்தச் சதுப்பு எப்போது வற்றியது என்ற விவரம் உங்களுக்குக் கிடைக்கும். படகர்கள் கிழக்குப் பகுதிகளில் ஹட்டிகள் எனப்படும் ஊர்களை அமைத்துக் கேழ்வரகும் சாமையும் விளைவித்தனர். கொல்லுத் தொழில் செய்த கோத்தர்களின் உலைகளுக்குக் கரி தேவைப்பட்டது. கீழ்ச்சரிவுகளில் குறும்பரும் இருளரும் காடெரித்து விதைத்தனர். பீடபூமியின் எப்பகுதியில் யார் வாழ்ந்தார் என்பதை வரைபடத்தில் குறித்து, சோலையும் புல்லும் இருக்கும் இடங்களை அதன்மேல் பொருத்திப் பாருங்கள். பெரியவர்களிடம் கேட்கச் செல்லும்போது முன்கூட்டியே இசைவு பெற்றுச் செல்லுங்கள். கோயில் எல்லைக்குள் அழைப்பின்றி நுழையாதீர்கள்.

எட்டாம் படி: கடைசி இருநூறு ஆண்டுகளைத் தனியே வைத்துப் பார்த்தல்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் பீடபூமிக்கு வந்ததிலிருந்து நடந்த மாற்றம், முந்தைய ஆயிரமாண்டுகளின் மாற்றங்களைவிட விரைவானது. 1830-களிலும் 1840-களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. சோலையை வெட்டித் தீர்த்ததால் விறகுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடே அவற்றைக் கொண்டுவரக் காரணம். 1860-களில் கொய்னா மருந்து தரும் சின்கோனாவும் தேயிலையும் பரவின. விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்காகவும் புல்வெளிகள் ‘பயனற்ற நிலம்’ என்று கருதப்பட்டுப் பெருமளவில் சீகைத் தோப்புகளாக்கப்பட்டன. குந்தா மின்திட்டத்தின் அணைகளுக்குள் பல புல்வெளிகளும் சதுப்புகளும் மூழ்கின. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலப் புல்வெளிகளில் ஏறத்தாழ 23 விழுக்காடு 1972-க்கும் 2017-க்கும் இடையில் அயல் மரங்களிடம் பறிபோனதாகச் செயற்கைக்கோள் ஆய்வு காட்டுகிறது. பழனி மலையில் மட்டும் 1973 முதல் 2014 வரை மூன்றில் இரு பங்கு புல்வெளி மறைந்தது.

இந்தப் படியை நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் 1972 முதல் உள்ளன. 2008-இலிருந்து அவை எல்லோருக்கும் இலவசம். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த படங்களைத் தேர்ந்தெடுங்கள்: அப்போது புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும், மரங்கள் பசுமையாகவே இருக்கும். அம்மாதங்களில் மேகமும் குறைவு. சோலையையும் தோப்பையும் பிரிக்க வடிவத்தைப் பாருங்கள். சோலை ஓடையின் வளைவைப் பின்பற்றும், தோப்பு மனிதன் போட்ட நேர்கோட்டைப் பின்பற்றும். ஐயம் தோன்றும் இடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் சென்று சரிபார்ப்பதே முறை.

ஒன்பதாம் படி: தோப்புக்குள் குனிந்து பார்த்தல்

அயல் தாவரங்களை அகற்றி இயல்நிலத்தை மீட்பது குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. நீலகிரியில் மீட்புப் பணிகள் நடக்கும் இடங்களுக்கு நீங்கள் தன்னார்வலராகவும் செல்லக்கூடும். அங்கே இதுவரை கற்ற அனைத்தும் ஒரே கேள்வியில் வந்து குவியும்: இந்த இடத்தை எதற்கு மீட்பது, புல்லுக்கா சோலைக்கா? புல்வெளியின் மீது அண்மையில் படர்ந்த இளஞ்சீகையை வேரோடு பிடுங்கினால் புல் மீளும். வரையாட்டுக்கும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அது உயிர்நிலை என்பதால் அங்கே தயங்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் பழைய தோப்புக்குள் நிலைமை வேறு. சீகை மரங்களே உறைபனிக்கு மறைப்பாக நின்று, அவற்றின் நிழலில் சோலை மர நாற்றுகள் முளைத்திருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கின்றனர். அங்கே ஒரே நாளில் தோப்பை மொட்டையடித்தால் அந்த நாற்றுகளும் குளிரில் கருகும். வெளிச்சம் பட்டதும் மண்ணில் உறங்கும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தெழும்.

ஆகவே அரிவாளை எடுக்கும் முன் தோப்பின் தரையில் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு சதுரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, அதற்குள் உள்ள ஒவ்வொரு நாற்றையும் இனங்கண்டு எண்ணி எழுதுங்கள். காட்டுச் செண்பகமும் நாவலும் இலவங்க இனமும் எத்தனை, சீகை எத்தனை, புல் எவ்வளவு என்ற அந்தக் கணக்கை, 1972-ஆம் ஆண்டுப் படத்தில் அதே இடம் எப்படி இருந்தது என்ற குறிப்புடன் சேர்த்து, பணியை நடத்துபவர்களிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு உறைபனிக் காலம் முடிந்ததும் அதே சதுரத்துக்குத் திரும்பிச் சென்று, எவை பிழைத்திருக்கின்றன என்று மீண்டும் எண்ணுங்கள்.